2010 புளோரிடா குளிர்நீர் நிகழ்வு

2010 புளோரிடா குளிர்நீர் நிகழ்வு என்பது, 2010 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கடலோரப் பகுதிகளில் ஏற்பட்ட கடுங்குளிரையும், அதனால் ஆழமற்ற கடல்நீர் குளிர்ந்து கடல்வாழ் உயிரினங்கள் பெருமளவில் இறந்ததையும் குறிக்கும். சனவரி 2 ஆம் நாள் தொடங்கி ஏறத்தாழ 12 நாட்கள் இக்குளிர் நீடித்தது. பவளங்கள், மீன்கள், கடலாமைகள், கடற்பசுக்கள், முதலைகள் எனப் பல்வேறு வகை உயிரினங்கள் ஒரே காலத்தில் பாதிக்கப்பட்டன. புளோரிடாவின் பவளப்பாறைத் தொடரில் 1977 ஆம் ஆண்டுக்குப் பின்னர் குளிரினால் ஏற்பட்ட மிகப்பெரிய இழப்பு இதுவாகும்.

கடல்நீர் சூடாவதால் பவளப்பாறைகள் அழிவதைப் பற்றியே பெரும்பாலும் பேசப்படுகின்றது. குளிர்ச்சியும் அதே அளவு கொடியதாக இருக்கக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது. கோடைக்கால வெப்பத்தைத் தாங்கி நல்ல நிலையில் இருந்த கரையோரப் பவளத்திட்டுகளே இக்குளிரில் மிகுதியாக அழிந்தன. இதனால், எந்தப் பகுதியைப் பாதுகாப்பான புகலிடமாகக் கருதலாம் என்ற கேள்வி பவள ஆய்வாளர்களிடையே எழுந்தது.

புவியியல் பின்னணி

புளோரிடா மூவலந்தீவு, கிழக்கே அத்திலாந்திக்குப் பெருங்கடலுக்கும் மேற்கே மெக்சிகோ வளைகுடாவுக்கும் இடையே தெற்கு நோக்கி நீண்டுள்ளது. இதன் தென்முனையிலிருந்து தென்மேற்காக வளைந்து செல்லும் தீவுத்தொடர் புளோரிடா கீசு எனப்படுகின்றது. இத்தீவுகளின் அத்திலாந்திக்குப் பக்கத்தில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், புளோரிடாப் பவளப்பாறைத் தொடர் அமைந்துள்ளது. தீவுகளின் வடமேற்கே, தீவுகளுக்கும் எவர்கிளேட்சு தேசியப் பூங்காவின் சதுப்பு நிலங்களுக்கும் இடையே, புளோரிடா குடா உள்ளது. ஏறத்தாழ 2,200 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்குடாவின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர் மட்டுமே.

பவளப்பாறைகள் பொதுவாக வெப்பமண்டலக் கடல்களுக்கு உரியவை. புளோரிடாவின் பாறைத்தொடரோ கடகக் கோட்டுக்கு வடக்கே உள்ளது. இவ்வளவு வடக்கே பவளங்கள் வாழ்வதற்குக் காரணம், தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் புளோரிடா நீரோட்டம் ஆகும். இதுவே வடக்கே சென்று வளைகுடா நீரோட்டத்தின் ஒரு பகுதியாகின்றது. இந்நீரோட்டத்துக்கு அருகில் உள்ள வெளிப்புறப் பாறைகள் குளிர்காலத்திலும் வெப்பமாகவே இருக்கின்றன. கரையோரத்தில் உள்ள ஆழமற்ற நீருக்கு அப்பாதுகாப்பு இல்லை.

கடற்பசு, அமெரிக்க முதலை, சுனூக்கு மீன், கண்டல் மரங்கள் போன்ற வேறு பல வெப்பமண்டல உயிரினங்களுக்கும் புளோரிடாவே அவற்றின் பரவல் எல்லையின் வட விளிம்பாகும். எனவே இங்கு ஏற்படும் ஒரு கடுங்குளிர், தம் எல்லையின் ஓரத்தில் வாழும் பல உயிரினங்களை ஒருசேரத் தாக்குகின்றது.

வானிலைக் காரணங்கள்

2009-2010 குளிர்காலத்தில் ஆர்க்டிக்கு அலைவு எனப்படும் வளியழுத்த மாறுபாடு மிகவும் எதிர்மறையான நிலையில் இருந்தது. வடமுனைப் பகுதிக்கும் அதைச் சூழ்ந்த நடு அகலக்கோட்டுப் பகுதிக்கும் இடையேயான வளியழுத்த வேறுபாட்டை இவ்வலைவு குறிக்கின்றது. இவ்வேறுபாடு மிகுதியாக இருக்கும்போது, மேல்வளியில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசும் தாரைக்காற்று வலுவுடன் இருந்து, முனைப்பகுதியின் குளிர்ந்த காற்றை வடக்கிலேயே தடுத்து நிறுத்துகின்றது. வேறுபாடு குறையும்போது தாரைக்காற்று வலுவிழந்து தெற்கும் வடக்குமாக நெளிகின்றது. தெற்கு நோக்கிய நெளிவுகளின் வழியே குளிர்காற்று வெகுதொலைவு இறங்கி வருகின்றது.

2010 சனவரித் தொடக்கத்தில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இத்தகைய நெளிவு நிலைகொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக வந்த குளிர்முகங்கள் புளோரிடாவைக் கடந்து சென்றன. பொதுவாக ஒரு குளிர்முகம் கடந்த ஓரிரு நாட்களில் தென் புளோரிடாவின் காற்று மீண்டும் வெப்பமடைந்துவிடும். இம்முறை அத்தகைய இடைவெளி கிடைக்கவில்லை. மயாமி நகரில் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியசு அளவுக்கு இறங்கியது. வரலாற்றில் உறைபனியே பதிவாகாத கீ வெசுட்டு நகரிலும் 6 பாகைக்குக் கீழே சென்றது. குளிரின் கடுமையை விட, அது தொடர்ந்து நீடித்ததே கடல்நீரைப் பொருத்தவரை முதன்மையானதாக அமைந்தது.

கடலோர நீர் குளிர்ந்த விதம்

கடல்நீர் மூன்று வழிகளில் வெப்பத்தை இழக்கின்றது. முதலாவது ஆவியாதல். வடக்கிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது மட்டுமன்றி வறண்டதும் ஆகும். ஈரப்பதம் குறைந்த காற்று வேகமாக வீசும்போது நீர் விரைந்து ஆவியாகி, உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. இரண்டாவது, வெப்பமான நீரிலிருந்து குளிர்ந்த காற்றுக்கு நேரடியாக வெப்பம் கடத்தப்படுதல். மூன்றாவது, முகில் இல்லாத இரவுகளில் நீர்ப்பரப்பு வானை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசுதல். குளிர்முகம் கடந்த பின்னர் வானம் தெளிவாக இருப்பதால் இம்மூன்றும் ஒருங்கே நிகழ்கின்றன.

ஆழத்தின் பங்கு

ஒரே அளவு வெப்பத்தை இழந்தாலும், நீரின் ஆழத்தைப் பொருத்து அதன் வெப்பநிலை வீழ்ச்சி வேறுபடும். இதனை ஓர் எளிய கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு கன மீட்டர் கடல்நீரின் வெப்பநிலையை ஒரு பாகை குறைக்க, அதிலிருந்து ஏறத்தாழ 41 இலட்சம் யூல் வெப்பம் வெளியேற வேண்டும். கடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் நொடிக்கு 400 யூல், அதாவது 400 வாட்டு வீதம், வெப்பத்தை இழப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் 86,400 நொடிகள். எனவே ஒரு நாளில் இழக்கப்படும் வெப்பம் ஏறத்தாழ 3.46 கோடி யூல். இவ்விழப்பினால்,

- 1 மீட்டர் ஆழமுள்ள நீர் ஏறத்தாழ 8.4 பாகை குளிரும்.
- 5 மீட்டர் ஆழமுள்ள நீர் ஏறத்தாழ 1.7 பாகை குளிரும்.
- 10 மீட்டர் ஆழமுள்ள நீர் ஏறத்தாழ 0.8 பாகை குளிரும்.

உண்மையில் பகற்பொழுதில் கதிரவன் ஓரளவு வெப்பத்தைத் திருப்பித் தருகின்றது. நீர் குளிரக் குளிர, அது வெப்பத்தை இழக்கும் வீதமும் குறைகின்றது. ஆகவே மேற்கண்ட எண்கள் ஒப்பீட்டுக்கு மட்டுமே உரியவை. ஆயினும் ஒரு மீட்டர் ஆழமுள்ள புளோரிடா குடா ஒருசில நாட்களிலேயே ஆபத்தான குளிர்நிலையை அடைவதும், அருகிலுள்ள ஆழ்கடல் ஏறத்தாழ மாறாமல் இருப்பதும் ஏன் என்பதை இக்கணக்கு தெளிவாக்குகின்றது. தென் புளோரிடாவில் சனவரி மாதக் கடல்நீர் வெப்பநிலை வழக்கமாக 20 பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 2010 நிகழ்வின்போது தீவுத்தொடரின் கரையோரப் பவளத்திட்டுகள் சிலவற்றில் அது 12 பாகைக்கும் கீழே சென்றது.

குளிர்நீரின் நகர்வு

குடாவில் குளிர்ந்த நீர் அங்கேயே தங்கிவிடுவதில்லை. குளிர்ச்சியினால் அதன் அடர்த்தி கூடுகின்றது. ஆவியாதலால் உப்புத்தன்மை மிகுவதும் அடர்த்தியை மேலும் கூட்டுகின்றது. வடக்குக் காற்றும் ஓதங்களும் இந்நீரைத் தீவுகளுக்கு இடையேயுள்ள கால்வாய்களின் வழியே பவளப்பாறைகளை நோக்கித் தள்ளுகின்றன. அடர்த்தி மிகுந்த நீர் கடலடியை ஒட்டிப் பரவுவதால், அடியில் ஒட்டி வாழும் பவளங்கள் அதில் மூழ்கிப்போகின்றன.

புளோரிடாப் பாறைத்தொடரின் அமைப்பிலேயே இதன் தடயத்தைக் காணலாம். கீ லார்கோ போன்ற நீண்ட தீவுகள் குடாவின் நீரை மறைத்து நிற்கும் இடங்களில் பவளப்பாறைகள் செழித்து வளர்ந்துள்ளன. தீவுகளுக்கிடையே அகன்ற கால்வாய்கள் உள்ள நடுப்பகுதியில் பாறை வளர்ச்சி குறைவாக உள்ளது. பல ஆயிரம் ஆண்டுகளாகக் குடாநீரின் குளிர்ச்சியும் வெப்பமும் கலங்கலும் இவ்வேறுபாட்டை உருவாக்கி வந்துள்ளன எனக் கருதப்படுகின்றது.

உயிரினங்கள் மீதான தாக்கம்

பவளங்கள்

பவள உயிரிகளின் திசுக்களுள் நுண்ணிய பாசிகள் கூட்டுயிர்களாக வாழ்கின்றன. இவை ஒளிச்சேர்க்கையின் மூலம் உருவாக்கும் உணவே பவளத்தின் முதன்மை ஆற்றல் மூலமாகும். நீரின் வெப்பநிலை 16 பாகைக்குக் கீழே சென்றால் இப்பாசிகளின் ஒளிச்சேர்க்கை சீர்குலைகின்றது. பவளமும் உணவு பிடிக்கும் திறனை இழக்கின்றது. மிதமான குளிரில் பவளம் பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகும். நிலைமை சீரடைந்தால் மீளவும் கூடும். கடுங்குளிரில் வெளிறும் கட்டத்துக்கே இடமின்றித் திசு நேரடியாக இறந்து எலும்புக்கூட்டிலிருந்து உரிந்துவிடுகின்றது. வெப்பத்தால் ஏற்படும் வெளிறல் பல வாரங்களில் நிகழ்வது. குளிரினால் ஏற்படும் இறப்போ சில நாட்களிலேயே நிகழக்கூடியது.

நிகழ்வு முடிந்தவுடன் பல்கலைக்கழகங்கள், அரசு அமைப்புகள், தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றைச் சேர்ந்த முக்குளிப்பாளர்கள் 76 பாறைப் பகுதிகளை ஆய்வு செய்தனர். 2011 இல் வெளியான இதன் முடிவுகளின்படி, சராசரிப் பவள இறப்பு 11.5 விழுக்காடாக இருந்தது. 2005 முதல் 2009 வரையான ஐந்து கோடைகாலங்களில் இது சராசரியாக 0.5 விழுக்காடு மட்டுமே.

இழப்பு எல்லா இடங்களிலும் ஒரே சீராக இருக்கவில்லை. வெளிப்புறப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. கரைக்கும் வெளிப்புறப் பாறைக்கும் இடையே உள்ள ஆழமற்ற திட்டுகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. முந்தைய ஆண்டுகளில் நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. வெளிப்புறப் பாறைகள் நோயாலும் வெப்பத்தாலும் சிதைந்துகொண்டிருந்தபோது, கரையோரத் திட்டுகளில் பவளப் பரப்பு மிகுதியாக இருந்தது. ஏற்ற இறக்கமான வெப்பநிலைக்குப் பழகியவை என்பதால் இவை எதிர்காலத்தில் பவளங்களின் புகலிடமாக அமையும் என்ற எதிர்பார்ப்பும் நிலவியது. அட்மிரல் பாறை போன்ற நன்கு ஆராயப்பட்ட கரையோரத் திட்டுகளில் உயிருள்ள பவளத்தின் பெரும்பகுதி அக்குளிரில் அழிந்தது.

இனங்களுக்கிடையேயும் வேறுபாடு காணப்பட்டது. பாறைக்கு அடித்தளமாக விளங்கும் பெரிய விண்மீன் பவளங்களும் கடுகுக் குன்றுப் பவளமும் கடும் இழப்பைச் சந்தித்தன. சிறுவிண்மீன் பவளம் என்ற இனம் அதே நீரில் பெரும்பாலும் உயிர்பிழைத்தது. இவ்வினங்களைச் சோதனைச்சாலையில் குளிர்நீரில் வைத்து நடத்தப்பட்ட ஆய்வும் இதே முடிவைக் காட்டியது. விண்மீன் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு செண்ட்டிமீட்டர் மட்டுமே வளர்பவை. எனவே ஒரு மீட்டர் உயரமுள்ள ஒரு கூட்டம் உருவாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் தேவை. அத்தகைய கூட்டங்கள் சில நாட்களில் இறந்துபோயின.

மீன்கள்

மீன்களின் உடல் வெப்பநிலை பொதுவாகச் சூழவுள்ள நீரின் வெப்பநிலையைப் பின்பற்றுகின்றது. நீர் குளிரும்போது முதலில் அவை உண்பதை நிறுத்துகின்றன. பின்னர் நரம்புகளும் தசைகளும் மந்தமாகி, உடலின் சமநிலையை இழந்து பக்கவாட்டில் சாய்கின்றன. குருதியில் உள்ள உப்புகளின் அளவைக் கட்டுப்படுத்தும் செவுள்களின் திறனும் குன்றுகின்றது. குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். ஆகவே இவ்விறப்புகள், கோடையில் உயிர்வளிக் குறைவால் ஏற்படும் மீன் இறப்புகளிலிருந்து அடிப்படையில் வேறுபட்டவை.

புளோரிடாவில் பெரிதும் விரும்பித் தூண்டிலிடப்படும் சுனூக்கு மீன் இந்நிகழ்வில் பெருமளவில் இறந்தது. உருவத்திலும், கழிமுகங்களிலும் கண்டல் ஓரங்களிலும் வாழும் இயல்பிலும் இது தமிழகக் கடலோரத்தில் கிடைக்கும் கொடுவா மீனை ஒத்தது. நீரின் வெப்பநிலை 10 முதல் 12 பாகை அளவுக்கு இறங்கினால் இது உயிர்வாழ்வது அரிது. மாநில மீன்வள, காட்டுயிர் ஆணையம் 2010 சனவரியிலேயே அவசர ஆணை பிறப்பித்து இம்மீனைப் பிடித்து வைத்துக்கொள்வதைத் தடை செய்தது. அத்திலாந்திக்குக் கரையில் இத்தடை அவ்வாண்டு செப்டம்பரில் விலக்கப்பட்டது. மெக்சிகோ வளைகுடாக் கரையில் அது 2013 ஆம் ஆண்டுவரை நீடித்தது. பெரிய மீன்களின் எண்ணிக்கை மீண்டுவர அத்தனைக் காலம் பிடித்தது.

எவர்கிளேட்சு நீர்நிலைகளில் வேறொரு விளைவும் காணப்பட்டது. நடு அமெரிக்காவிலிருந்து வந்து பெருகியிருந்த மாயன் சிக்லிடு போன்ற அயல் மீன்களின் எண்ணிக்கை இக்குளிரில் வெகுவாகக் குறைந்தது. மித வெப்பமண்டலத்தைச் சேர்ந்த உள்ளூர் நன்னீர் மீன்கள் அந்த அளவுக்குப் பாதிக்கப்படவில்லை.

கடலாமைகள்

நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே செல்லும்போது கடலாமைகள் நீந்தும் ஆற்றலை இழந்து நீர்ப்பரப்பில் மிதக்கத் தொடங்குகின்றன. இந்நிலை குளிர் மயக்கம் எனப்படுகின்றது. இதயத் துடிப்பும் மூச்சும் மிகவும் குறைந்துவிடுவதால் இவ்வாமைகள் இறந்தவை போலவே தோன்றும். உரிய நேரத்தில் மீட்டு, படிப்படியாக உடலை வெப்பப்படுத்தினால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. மீட்கப்படாதவை படகுகளில் மோதியோ, கரை ஒதுங்கிக் குளிர்காற்றில் வாடியோ இறக்கின்றன.

2010 சனவரியில் புளோரிடாவில் 4,500 க்கும் மேற்பட்ட கடலாமைகள் குளிர் மயக்கத்தில் கண்டெடுக்கப்பட்டன. இவற்றுள் மிகப்பெரும்பாலானவை பேராமை எனப்படும் பச்சைக் கடலாமையின் இளம் பருவத்தவை. கடற்புல் மிகுந்த ஆழமற்ற குடாக்களில் இவை மேய்வதே இதற்குக் காரணம். மாநிலத்தின் வடமேற்கில் உள்ள செயின்ட்டு சோசப்பு குடாவில் மட்டும் ஏறத்தாழ 1,700 ஆமைகள் கிடைத்தன. இக்குடா தெற்கில் மூடப்பட்டு வடக்கில் மட்டுமே திறந்துள்ளது. வெப்பமான நீரைத் தேடித் தெற்கு நோக்கிச் செல்லும் ஆமைகள் அங்கு முட்டுச்சந்தில் சிக்கியவை போல் அகப்பட்டுக்கொள்கின்றன. மீட்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை உயிருடன் இருந்தன. நீர் வெப்பமடைந்த பின்னர் அவை மீண்டும் கடலில் விடப்பட்டன.

கடற்பசுக்கள்

மனாட்டி எனப்படும் புளோரிடாக் கடற்பசு, பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வாழும் ஆவுளியாவின் உறவினம் ஆகும். பருத்த உடலைக் கொண்டிருந்தாலும், திமிங்கிலங்களுக்கு இருப்பது போன்று வெப்பத்தைக் காக்கும் தடித்த கொழுப்புப்படலம் இதற்கு இல்லை. இதன் வளர்சிதைமாற்ற வீதமும் மிகக் குறைவு. ஆகவே 20 பாகைக்குக் கீழான நீரில் நெடுநேரம் இருந்தால் நோய்வாய்ப்படுகின்றது. தோலில் புண்கள் உண்டாதல், உடற்கொழுப்பு கரைதல், செரிமானம் நின்றுபோதல், நுரையீரல் அழற்சி ஆகியவை அடங்கிய இந்நிலையைக் குளிர் அழுத்த நோய்த்தொகுதி என்பர். தாயை விட்டுப் பிரிந்த இளம் கடற்பசுக்களே இதற்கு எளிதில் ஆளாகின்றன.

2010 ஆம் ஆண்டு முழுவதிலும் புளோரிடாவில் 766 கடற்பசுக்கள் இறந்தன. முந்தைய ஆண்டான 2009 இல் இவ்வெண்ணிக்கை 429 ஆக இருந்தது. 766 இறப்புகளுள் 282 குளிரினால் ஏற்பட்டவை என உறுதிசெய்யப்பட்டது.

குளிர்காலங்களில் கடற்பசுக்கள் இரண்டு வகையான வெப்பப் புகலிடங்களை நாடுகின்றன. ஒன்று, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 22 பாகை வெப்பநிலையில் சுரக்கும் இயற்கை நீரூற்றுகள். மற்றொன்று, அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் குளிர்விப்பு நீர். கடற்பசுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை இரண்டாவது வகையைச் சார்ந்துள்ளன. 2010 சனவரியில் குளிர் அவற்றை இவ்விடங்களில் நெருக்கமாகக் கூடச் செய்ததால், அம்மாதம் வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 5,000 க்கும் மேற்பட்ட கடற்பசுக்கள் எண்ணப்பட்டன. அதுவரை இத்தனை கடற்பசுக்கள் எண்ணப்பட்டதில்லை.

மின் நிலையங்களைச் சார்ந்திருப்பது நீண்டகால நோக்கில் சிக்கலானது. பழைய நிலையங்கள் மூடப்படும்போது, தலைமுறைகளாக அங்கு வந்து பழகிய விலங்குகள் வேறிடம் அறியாமல் குளிர்நீரில் தங்கிவிடக்கூடும். கேப் கனாவெரல், ரிவியெரா ஆகிய இடங்களில் பழைய நிலையங்கள் இடிக்கப்பட்டுப் புதியவை கட்டப்பட்டபோது, கடற்பசுக்களுக்காகவே நீரைச் சூடாக்கும் கருவிகள் இடைக்காலத்தில் இயக்கப்பட்டன.

முதலைகள்

அமெரிக்க முதலையும் அமெரிக்க அலிகேட்டரும் இயற்கையாக ஒருங்கே வாழும் ஒரே பகுதி தென் புளோரிடா ஆகும். இவற்றுள் முதலை உவர்நீர்க் கடலோரங்களில் வாழும் வெப்பமண்டல விலங்கு. அலிகேட்டரோ உறைபனி வாய்ந்த வட மாநிலங்கள் வரை பரவியுள்ளது. 2010 குளிரில் நூற்றுக்கும் மேற்பட்ட முதலைகள் இறந்து கிடந்தன. அலிகேட்டர்கள் பெரும்பாலும் பாதிக்கப்படவில்லை.

முந்தைய நிகழ்வுகள்

புளோரிடாவில் குளிரினால் மீன்களும் பவளங்களும் இறப்பது புதிதன்று. டிரை டோர்டுகாசு தீவுகளில் கார்னகி நிறுவனம் 1904 இல் அமைத்த கடலாய்வுக் கூடத்தின் இயக்குநர் ஆல்பிரடு மேயர், வெப்பமண்டலக் கடல் விலங்குகள் எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்பதை ஆராய்ந்து 1914 இல் வெளியிட்டார். இவ்விலங்குகள் வெப்பத்தின் மேல் எல்லைக்கு மிக அருகிலேயே வாழ்கின்றன என்பதையும், குளிருக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் இவ்வாய்வுகள் காட்டின.

1977 சனவரியில் ஏற்பட்ட குளிரின்போது மயாமி நகரில் பனி தூவியது. அக்குளிரில் டிரை டோர்டுகாசின் ஆழமற்ற பகுதிகளில் இருந்த மான்கொம்புப் பவளங்களின் பெரும்பகுதி அழிந்தது. கிளைகளாக விரைந்து வளரும் இவ்வினம் மீண்டுவரத் தொடங்கிய காலத்தில் கரிபியக் கடல் முழுவதும் நோய் பரவியதால் முழு மீட்சி ஏற்படவில்லை.

பிற பகுதிகளில் நிகழ்ந்தவை

கடுங்குளிர் கடலோர உயிரினங்களை அழித்த நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அவற்றுள் சில:

- பிரித்தானியா, 1962-63: பல கடலோரங்களில் கடல்நீரே உறைந்தது. ஆளிகள், ஓதப்பகுதி நத்தைகள் ஆகியவை பெருமளவில் இறந்தன. இக்குளிரின் விளைவுகள் 1964 இல் விரிவாகத் தொகுத்து வெளியிடப்பட்டன.
- டெக்சசு, 1983 மற்றும் 1989: 1983 திசம்பர்க் குளிரில் ஏறத்தாழ 1.44 கோடி மீன்களும், 1989 பெப்ரவரியில் ஏறத்தாழ 1.13 கோடி மீன்களும், அதே ஆண்டு திசம்பரில் ஏறத்தாழ 62 இலட்சம் மீன்களும் இறந்ததாக மதிப்பிடப்பட்டது.
- தாய்வானின் பெங்கு தீவுகள், 2008: பெப்ரவரியில் குளிர்ந்த நீர் சூழ்ந்ததால் இயற்கை மீன்களும் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட மீன்களும் பெருமளவில் இறந்தன.
- டெக்சசு, 2021: பெப்ரவரிக் குளிரில் குறைந்தது 38 இலட்சம் மீன்கள் இறந்தன. 12,000 க்கும் மேற்பட்ட கடலாமைகள் குளிர் மயக்கத்தில் கிடைத்தன. தென் பாத்ரே தீவின் மாநாட்டு மண்டபம் ஆமைகளை வைக்கும் இடமாக மாற்றப்பட்டது.

இந்நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. பாதிக்கப்பட்டவை ஆழமற்ற நீர்ப்பகுதிகள் அல்லது ஓதப்பகுதிகள். இறந்தவை பெரும்பாலும் வெப்பமான கடல்களுக்கு உரிய, தம் பரவலின் குளிர் விளிம்பில் வாழும் இனங்கள்.

புவி சூடாதலும் குளிர் நிகழ்வுகளும்

ஓரிடத்தின் கடல்நீர், ஆண்டின் அப்பருவத்துக்குரிய வெப்பநிலைப் பதிவுகளுள் மிகக் குளிர்ந்த பத்து விழுக்காட்டு அளவினும் குறைந்து, குறைந்தது ஐந்து நாட்கள் நீடித்தால் அதனைக் கடற் குளிர் அலை என ஆய்வாளர்கள் வரையறுக்கின்றனர். 1982 முதலான செய்மதிப் பதிவுகளின்படி, உலகக் கடல்களில் இத்தகைய நாட்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகின்றது. அதே காலத்தில் கடல் வெப்ப அலைகள் பெருகியுள்ளன.

குளிர் குறைவதன் விளைவுகள் புளோரிடாவில் வெளிப்படையாகத் தெரிகின்றன. வெப்பநிலை ஏறத்தாழ -4 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்கள் அருகியதால், மாநிலத்தின் வடகிழக்குக் கரையில் கண்டல் மரங்கள் வடக்கு நோக்கிப் பரவியுள்ளன. இங்கு கண்டல்களின் எல்லையைத் தீர்மானித்தது ஆண்டுச் சராசரி வெப்பநிலை அன்று. எப்போதோ ஒருமுறை வரும் ஒருசில கடுங்குளிர் நாட்களே. இவ்வகையில் குளிர் நிகழ்வு ஒரு வேலி போன்றது. அது உள்ளூர் வெப்பமண்டல இனங்களைக் கொல்கின்றது. அயல் இனங்கள் வடக்கே பரவுவதையும் தடுக்கின்றது.

எனினும் குளிர் குறைவது பவளங்களுக்கு நன்மையாக முடியவில்லை. 2014 இல் மயாமிக்கு அருகே தோன்றிய பவளத் திசு இழப்பு நோய், 2010 குளிரில் தப்பிய விண்மீன் பவளங்கள் பலவற்றையும் தாக்கியது. 2023 கோடையில் ஏற்பட்ட கடல் வெப்ப அலையின் பின்னர், புளோரிடா கீசு, டிரை டோர்டுகாசு ஆகிய பகுதிகளில் மான்கொம்பு, கடமான்கொம்புப் பவளங்கள் ஏறத்தாழ முற்றிலுமாக அழிந்தன. கடற்பசுக்களைப் பொருத்தவரை, 2021 இல் இறப்பு 1,100 ஐ எட்டி 2010 ஆம் ஆண்டின் எண்ணிக்கையைக் கடந்தது. அப்போதைய முதன்மைக் காரணம் குளிர் அன்று. நீர் மாசடைந்து கடற்புல் அழிந்ததால் ஏற்பட்ட பட்டினி. உடல் நலிந்த விலங்கு மிதமான குளிரையும் தாங்குவதில்லை என்பதால் இவ்விரண்டு காரணங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

அரிதாகிவிட்ட கடுங்குளிர் முற்றிலும் நின்றுவிடவில்லை என்பதை 2021 டெக்சசு நிகழ்வு காட்டியது. இளஞ்சூடான குளிர்காலங்களில் வடக்கே பரவிப் பெருகிய உயிரினங்கள், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் குளிரில் பெருந்தொகையாக அகப்படுகின்றன. பவளத்திட்டுகளுள் எவற்றைக் காப்பது, மீட்டு நடப்படும் பவளங்களை எங்கு நடுவது என்பதைத் திட்டமிடும்போது, கோடைக்கால உச்ச வெப்பநிலையுடன் குளிர்காலத் தாழ்நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே 2010 நிகழ்விலிருந்து பெறப்பட்ட முதன்மையான பாடமாகும்.

இவற்றையும் பார்க்க

- பவளப்பாறை
- பவள வெளிறல்
- கடற்பசு
- ஆவுளியா
- பேராமை
- கண்டல் காடு
- வளைகுடா நீரோட்டம்
- எவர்கிளேட்சு தேசியப் பூங்கா